கிளிப் போடாத சட்டை

இனி என் ஆயுசில் ஈரத்துணியைத் தொடுவதில்லை என்று ஒரு சனிக்கிழமை காலை மொட்டை மாடியில் நின்று தீர்மானம் செய்தேன். சாட்சிக்குக் கைப்பிடிச் சுவரில் ஒரு புறா இருந்தது. அது ஒரு மாதிரியாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. நம்பவில்லை போலிருக்கிறது.

கல்யாணமான நாள் முதல் எங்கள் வீட்டில் துவைப்பது என் மனைவி, காயப்போடுவது நான். மெஷின் வந்த பிறகு துவைப்பது மெஷின், காயப்போடுவது நான். விஞ்ஞான வளர்ச்சியில் எனக்கு மட்டும் பங்கு கிடைக்கவில்லை.

எனக்குக் கடைவீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. அங்கே என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. "இடது கண்ணை மூடுங்க" என்றால் மூடுவார்கள். "கடைசி வரியைப் படிங்க" என்றால் தெரியாவிட்டாலும் படிப்பார்கள். வீட்டில் நான் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு தலையாட்டுவதுதான் வழக்கம். என் மனைவி மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பவள். டாக்டர்கள் கிறுக்குவதையே சரளமாகப் படிக்கிறவள் முன்னால் நான் எதை மறைக்க முடியும்?

ஆனால் அந்த வீட்டில் எனக்கென்றும் ஒரு சின்ன ராஜ்யம் இருந்தது. அவளுக்கு இசைத்தாள் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நாங்கள் இரண்டு பேரும் ஊர்ப் பாடகர் குழுவில் பாடுகிறோம். நூலகத்துக்கு மேலே ஒரு நீளக் கூடம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. அவள் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல். நான் டெனர், ஆண்களில் மேல்குரல். அவளுக்கு நேர் பின்னால் என் இடம். ஆரம்பத்தில் அவள் பின்னலைப் பார்த்துக்கொண்டு பாடினேன். பிறகு கொண்டையைப் பார்த்துக்கொண்டு பாடினேன். இப்போது நரையைப் பார்த்துக்கொண்டு பாடுகிறேன். எத்தனையோ பாட்டு வந்து போய்விட்டது. நாங்கள் நிற்கிற இடம் மட்டும் மாறவில்லை.

நான் குழுவில் சேர்ந்த முதல் வாரம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வெளியே மழை. ஸ்டென்சில் மை காயாத தாளைக் கையில் கொடுத்திருந்தார்கள், படகுப் பாட்டு ஒன்று. இடைவேளையில் எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பினாள். "இந்த வரி எப்படிப் போகுது? எனக்குத் தாள் படிக்க வராது" என்றாள். எனக்கு அப்போதுதான் தாள் படிக்க வந்திருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து, பெண் குரலை எட்டிப் பிடித்து, அவளுடைய வரி முழுவதையும் பாடிக் காட்டினேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். மழை நின்ற பிறகும் இன்னொரு தடவை பாடச் சொன்னாள். என்னை அப்படி யாரும் அதற்கு முன் கேட்டதில்லை.

அதிலிருந்து புதுப் பாட்டு வருகிற ஒவ்வொரு தடவையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் உட்கார்ந்து நான் அவள் வரியைப் பாடிக்காட்டுவேன், அவள் கேட்டுப் பிடித்துக்கொள்வாள். மற்ற ஆல்ட்டோக்கள் அவளைக் கேட்டுப் பிடித்துக்கொள்வார்கள். ஆக, ஒரு வரிசை முழுவதும் என் தொண்டையிலிருந்து கிளம்பியதுதான் என்ற பெருமை எனக்கு உண்டு.

எங்கள் பழைய மாஸ்டர் தங்கமான மனிதர். காது கொஞ்சம் மந்தம். யார் என்ன பாடினாலும் "பிரமாதம்" என்பார். அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு புது மாஸ்டர் வந்தார். சின்ன வயது, ஒல்லி உடம்பு. மொத்தக் குழுவையும் ஒரு சுண்டுவிரலை மடக்கியே நிறுத்திவிடுவார். அதனால் அவருக்குச் சுண்டுவிரல் என்றே பேர் வைத்துவிட்டோம்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின சாயங்காலம் சுண்டுவிரல் ஒரு குண்டைப் போட்டார்.

"கேட்டுப் பாடறவங்க பக்கத்து ஆளை நம்பிப் பாடறாங்க. பக்கத்து ஆள் தும்மினா வரிசையே தும்முது. தாளைக் கையில கொடுத்தா, பார்த்ததும் பாடத் தெரியணும். தெரிஞ்சா ரெண்டு மாசம் மனப்பாடம் பண்ற பாட்டு ரெண்டு நாள்ல வந்துடும். மிச்ச நாளை நல்லாப் பாடறதுக்கு வெச்சுக்கலாம். அடுத்த வெள்ளிக்கிழமை ரெண்டு ரெண்டு பேராக் கூப்பிட்டு, யாரும் பார்க்காத பாட்டு ஒண்ணைக் கொடுப்பேன். படிக்க வராதவங்க ஆண்டுவிழா மேடையில நிக்க வேண்டாம். கீழ முதல் வரிசையில உக்காந்து கைதட்டலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளை எடுத்துவிட்டால் எனக்கு முன்னால் யார் நிற்பார்கள்? யாரோ ஒரு அம்மாளின் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் படகுப் பாட்டைப் பாட முடியுமா?

அதே சமயம் மனசின் இன்னொரு மூலையில் ஒரு சைத்தான் எழுந்து சோம்பல் முறித்தது. அவளுக்கு ஒரு வாரத்தில் தாள் படிக்க வர வேண்டும். ஊரில் சும்மா சொல்லிக்கொடுக்க ஆள் நான் ஒருவன்தான். கல்யாணமான பிறகு முதல் தடவையாக அவளுக்கு என்னிடம் காரியம் ஆக வேண்டியிருக்கிறது!

மாடியில் தீர்மானத்தை முடித்துக்கொண்டு, காலி வாளியோடு கீழே இறங்கினேன்.

"இங்க பாரு. உனக்குத் தாள் படிக்கச் சொல்லித் தரேன்."

"சொல்லித் தாங்க."

"சும்மா இல்ல. நிபந்தனை இருக்கு."

"சொல்லுங்க."

"ஜன்னலோர நாற்காலி எனக்கு. உன் தையல் மூட்டையை எடுத்துடணும்."

"எடுத்துடறேன்."

"நான் ரேடியோ கேக்கறப்ப சத்தத்தைக் குறைக்கச் சொல்லக் கூடாது."

"சரிங்க."

"இனிமே கொடியில துணி காயப்போடற வேலையிலேர்ந்து எனக்கு விடுதலை."

"நிரந்தரமாவா?"

"நிரந்தரமா."

"சரிங்க. எனக்குப் படிக்க வந்தாப் போதும்."

மூன்றுக்கும் சரி என்று சொன்னாள். இருபத்தைந்து வருஷ அனுபவம் உள்ள எந்தக் கணவனும் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

பாடம் ஆரம்பமாயிற்று. தாளில் நாலு குரலுக்கும் நாலு வரி, ஒன்றன் கீழ் ஒன்றாக அச்சாகியிருக்கும். மேலே சோப்ரானோ, இரண்டாவது ஆல்ட்டோ, மூன்றாவது டெனர், அடியில் பேஸ். ஒவ்வொரு வரியிலும் ஐந்து கோடு. சுரம் எந்தக் கோட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துக் குரலை ஏற்றி இறக்க வேண்டும். நான் இரண்டாவது வரியில் விரல் வைத்து விளக்கினேன். அவள் கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்டாள்.

"இது ஏன் வெள்ளையா இருக்கு, அது ஏன் கறுப்பா இருக்கு?"

"வெள்ளை நாலு எண்ணிக்கை நிக்கும். கறுப்பு ஒரு எண்ணிக்கை."

"புரியலைங்க. எதையாவது வெட்டிக் காமிங்களேன்."

கேரட் எடுத்தேன். முழுக் கேரட் நாலு எண்ணிக்கை. பாதி, இரண்டு. கால், ஒன்று. அரைக்கால், அரை. "இன்னொரு தடவை" என்றாள். மறுபடி வெட்டினேன். "கடைசியா ஒரு தடவை" என்றாள். ஒரு கிலோ கேரட்டும் தீர்ந்த பிறகு "இப்பத்தான் லேசாப் பிடிபடுது" என்று அத்தனையையும் அள்ளி அடுப்பில் போட்டாள். அன்றைக்குச் சமையல் சீக்கிரம் முடிந்ததை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் கோடுகள்.

"அஞ்சு கோட்டையும் பார்த்தா எனக்குக் கண்ணு கட்டுதுங்க. இவ்வளவு பொடியா இருந்தா எப்படி? நல்லாப் பெரிசா, அஞ்சு கம்பி, அஞ்சு கயிறு, அப்படி எதுலயாவது காமிச்சா மண்டையில ஏறும்."

எனக்குப் பளிச்சென்று ஒரு யோசனை உதித்தது. சத்தியமாக என் சொந்த யோசனை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

"மாடியில அஞ்சு கொடி இருக்கே!"

"அட, ஆமாம்! உங்க மூளையே மூளைங்க!" என்றாள். மெஷினில் துணி தயாராக இருந்தது.

வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். கைப்பிடிச் சுவரை ஒட்டிய கொடி முதல் கோடு. போர்வை போட்டால் நாலு எண்ணிக்கை. துண்டு, இரண்டு. சட்டை, ஒன்று. காலுறை, அரை. சுரம் கோட்டுக்கு நடுவில் வந்தால் இரண்டு கொடிக்கும் சேர்த்து விரிக்க வேண்டும். சுரத்துக்கு முன்னால் ஷார்ப் என்ற அடையாளம் இருந்தால் குரல் அரைப்படி ஏறும். அதற்கு நான் துணியில் ஒரு கிளிப் மாட்டினேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் ஸ்டூல் போட்டு அவள் உட்கார்ந்துகொண்டாள். கையில் காபி.

"மாணவி எதையும் தொடக் கூடாது. பார்த்துக் கத்துக்கணும்" என்று நானே கண்டிப்பாகச் சொன்னேன்.

"சரிங்க சார்" என்றாள். அந்த 'சார்' எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மூன்று நாளில் எங்கள் வீட்டில் இருந்த துணி அத்தனையும் சங்கீதமாகிவிட்டது. துணி போதாமல் ஜன்னல் திரைகளைக் கழற்றித் துவைத்தாள். பீரோவில் அடியில் கிடந்த கம்பளிகள் வந்தன. எதிர் வீட்டு மேல்மாடியில் ஒரு பல் டாக்டர் அம்மாள் இருக்கிறார். குழுவில் சோப்ரானோ, தாள் படிக்கத் தெரிந்தவர். பால்கனியில் வந்து நின்று, எங்கள் துணியைப் பார்த்தே ஒரு பாட்டை முழுசாகப் பாடிவிட்டார்.

"கண்ணாடி சார், ரெண்டாவது போர்வை கொஞ்சம் தள்ளி இருக்கணும்!"

"நன்றி டாக்டரம்மா!"

எனக்கு உச்சி குளிர்ந்தது. என் புகழ் எதிர் மாடி வரைக்கும் கொடி கட்டிப் பறக்கிறது என்று நினைத்தேன். கொடி கட்டியதென்னவோ உண்மைதான்.

புதன்கிழமை படகுப் பாட்டைக் காயப்போட்டேன். அதற்குத் தாள் வேண்டுமா என்ன? ஆல்ட்டோ வரி எனக்குத் தூக்கத்தில் கூட வரும். 'கரையே' என்று முடிகிற இடத்துக்கு வந்தபோது ஒரு நீலச் சட்டையை இரண்டாவது கொடியில் போட்டேன். பால்கனியிலிருந்து குரல் வந்தது.

"சார், அந்த நீலச் சட்டைக்குக் கிளிப் மாட்டலையே! அங்க ஷார்ப் உண்டே?"

"அங்க ஷார்ப் கிடையாது, டாக்டரம்மா! முப்பது வருஷமா எனக்குத் தெரியாதா?"

டாக்டரம்மாள் என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி உதட்டில் விரலை வைத்த மாதிரி இருந்தது. பிறகு "அது அப்படியே இருக்கட்டும் டாக்டரம்மா" என்றாள்.

ஒரு காற்று அடித்தது. கிளிப் இல்லாத நீலச் சட்டை கொடியை விட்டுக் கிளம்பி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, கைகளை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கியது. நான் நகர்வதற்குள் அவளே கீழே ஓடினாள். மண்ணைத் தட்டி, நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, சிரித்தபடி மேலே வந்தாள். ஒரு சட்டைக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. கூடத்துக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்குத் தைரியம் சொன்னேன்.

"பயப்படாதே. எங்கயாவது தட்டுச்சுன்னா என் பக்கம் சாஞ்சுக்கோ, நான் லேசா முனகிக் காட்டறேன்."

"நீங்க இருக்கறப்ப எனக்கென்ன பயம்?"

சுண்டுவிரல் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே கூப்பிட்டார். புத்தம்புதுத் தாள். நாலு வரி. அவர் பியானோவில் ஆரம்பச் சுரங்களை ஒரு தடவை தொட்டுக் காட்டினார். விரல் அசைந்தது. நான் ஆரம்பித்தேன்.

சொல்லக் கூடாது, அன்றைக்கு என் குரல் அபாரம். ஒரு சுரம் பிசகவில்லை. கொஞ்சம் உயரமாக இருக்கிறதே என்று மட்டும் தோன்றியது. எட்டிப் பிடித்தேன். பழக்கமான உயரம்தான். அவளும் பக்கத்தில் தடையில்லாமல் பாடினாள். ஒரு வாரத்தில் எப்படித் தேற்றிவிட்டேன் என்று எனக்கே புல்லரித்தது. பாதிப் பாட்டு தாண்டிய பிறகுதான் தாளின் ஓரத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். என் கண் இருந்தது இரண்டாவது வரியில். ஆல்ட்டோ வரியில்!

ஒரு வாரமாக, ஏன், கல்யாணமான காலத்திலிருந்து, புதுத் தாள் என்றால் என் கண் முதலில் போய் உட்கார்வது அவள் வரியில்தான். கடையில் தினமும் நூறு தடவை "நான் சொல்ற வரியைப் படிங்க" என்கிற ஆள், தன் வரியை விட்டுவிட்டுப் பெண்டாட்டி வரியைப் பாடிக்கொண்டிருக்கிறான்.

அப்படியானால் அவள் எதைப் பாடுகிறாள்?

காதைத் தீட்டிக் கேட்டேன். மூன்றாவது வரி. என் வரி. டெனர் வரியைத் தன் குரலுக்கு ஏற்றி, ஷார்ப் ஒன்று விடாமல், முன்பின் பார்த்திராத பாட்டை, கடையில் மருந்துச் சீட்டுப் படிக்கிற மாதிரி படித்துக்கொண்டிருந்தாள். என் முதல் சுரம் காதில் விழுந்ததுமே ஆபத்தைப் புரிந்துகொண்டு, நான் விட்ட இடத்தை அவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

பாட்டு முடிந்தது. சுண்டுவிரல் எழுந்து எங்கள் பக்கம் வந்தார்.

"அம்மா, உங்களை மாதிரி தாள் படிக்கறவங்களை நான் இந்தக் குழுவில பார்க்கல. ஆல்ட்டோ வரிசைக்கு இனிமே நீங்கதான் தலைமை. சார், நீங்க நல்லாப் பாடினீங்க. ஆனா உங்களுக்குக் கொடுத்ததைப் பாடல. அடுத்த வெள்ளிக்கிழமை டெனர் வரியைப் பழகிட்டு வாங்க. வீட்டுல சொல்லிக்கொடுக்க யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க" என்று டாக்டரம்மாள் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

அதோடு விட்டதா? கடைசியில் எல்லோரையும் நிறுத்திப் படகுப் பாட்டைப் பாடச் சொன்னார். 'கரையே' வந்தது. சுண்டுவிரல் மடங்கியது.

"ஆல்ட்டோ! அங்க ஒரு ஷார்ப் அச்சாகியிருக்கு. ஒருத்தர் கூடவா தாளைப் பார்க்கல?"

ஆல்ட்டோ வரிசை மொத்தமும் என் மனைவியைப் பார்த்தது.

"இருக்கு சார், தெரியும்" என்றாள் அவள்.

"தெரிஞ்சேவா தப்பாப் பாடறீங்க?"

"முதல்ல சொல்லிக்கொடுத்தவர் அப்படித்தான் பாடினார்."

"யார் அந்த மேதாவி?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "ரொம்ப நாளாச்சு சார். பேர் ஞாபகம் இல்ல."

எனக்கு முன்னால் அந்த நரைத்த தலை அசையாமல் நின்றது. என் காது இரண்டும் அடுப்பு மாதிரி கொதித்தன.

திரும்பி வருகிற வழியில் பாதித் தெரு வந்ததும் நான் நின்றேன்.

"உனக்குப் படிக்க வரும்."

"வரும்."

"எப்போலேர்ந்து?"

"பள்ளிக்கூடத்துலேர்ந்து."

"அப்ப அன்னைக்கு மாடிப்படியில வராதுன்னு ஏன் சொன்னே?"

"வேற என்ன வழி இருந்துச்சு? நீங்க தாளை விட்டுத் தலையைத் தூக்கவே இல்ல. பின்னாடி ஒருத்தர் நின்னு பாடறது மட்டும் கேக்குது. எதையாவது கேட்டாத்தானே பேசுவீங்க?"

"தப்பாப் பாடறேன்னு அன்னைக்கே தெரியுமா?"

"முதல் தடவையே தெரியும். அதான் இன்னொரு தடவை பாடச் சொன்னேன். ரெண்டாவது தடவையும் அதே தப்பு. ஆனா முகமெல்லாம் அவ்வளவு சந்தோஷம் உங்களுக்கு. திருத்தினா எழுந்து போயிடுவீங்களோன்னு இருந்துச்சு."

"கல்யாணத்துக்கு அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

அவள் மறுபடி நடக்க ஆரம்பித்தாள்.

"புதுப் பாட்டு வர்ற அன்னைக்குத்தாங்க நீங்க ரேடியோவை நிறுத்திட்டு, கடைக் கதையெல்லாம் விட்டுட்டு, என் பக்கத்துல ஒரு மணி நேரம் உக்காருவீங்க. அதைக் கெடுத்துக்க எனக்கென்ன பைத்தியமா?"

அந்த மழையும் மாடிப்படியும் மை வாசனையும் திரும்பி வந்தன. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் நான் அப்படிச் செய்து எத்தனையோ காலமாயிற்று.

"விழாவுல நான் சரியாத்தான் பாடணும்" என்றாள். "பாடுவேன். ஆனா எனக்கு அது தப்பாத்தான் கேக்கும்."

மறுநாள் காலை ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகினேன். மனசு நிறைந்திருந்தது. எதிரே வந்து நின்றாள். கையில் வாளி. நிறைய ஈரத்துணி.

"எழுந்திருங்க. டெனர் வரி. ஒரு வாரம்தான் இருக்கு."

"ஏய், கொடியிலேர்ந்து எனக்கு நிரந்தர விடுதலை! ஒப்பந்தம் இருக்கு!"

"எனக்குப் படிக்க வந்ததுக்கு அந்த ஒப்பந்தம். எனக்கு ஏற்கெனவே வருமே. அப்ப ஒப்பந்தம் எப்படிச் செல்லும்?"

"சரி, போன வாரம் வாத்தியார்தானே காயப்போட்டேன்? இப்ப வாத்தியார் நீ. நீ போடு!"

"அது உங்க முறை. என் முறையில மாணவன் செஞ்சு பழகணும். வாத்தியார் ஸ்டூல்ல உக்காந்து காபி குடிக்கணும்."

வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். எதிர் பால்கனியிலிருந்து "கண்ணாடி சார், இன்னைக்கு என்ன பாட்டு?" என்று கேட்டார் டாக்டரம்மாள். கைப்பிடிச் சுவரில் அந்தப் புறா இருந்தது. நான் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

டெனர் வரியில் போர்வைகள் அதிகம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஷார்ப் வந்த இடத்திலெல்லாம் அவள் சொல்லச் சொல்லக் கிளிப் மாட்டினேன். நீலச் சட்டை வந்தபோது மட்டும் "அதுக்கு வேண்டாம்" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். மாடிப்படியில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்ட அதே முகம். நானும் சிரித்தேன், அவளும் சிரித்தாள். கிளிப் போடாமலே விட்டேன்.

காற்று அடித்தது. சட்டை பறந்து தெருச் சேற்றில் விழுந்தது. அவள் மறுபடி மெஷினில் போட்டாள். நான் மறுபடி காயப்போட்டேன்.